எல்லை மூடப்படவில்லை

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு
மஞ்சள் கோட்டோடு வகுப்புக்குப் போகிறேன்.
சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு சின்னக் கல்லூரி.
இருபது திரைகள், பதினேழு பேர்,
தொண்டை கட்டிய ஒரு ஹீட்டர்.
பக்கத்து நாற்காலிப் பையனுக்குக்
காற்றாலைக் கம்பெனியில் வேலை வேண்டும்.
எனக்கு ஸ்டியரிங் இல்லாத எந்த வேலையும் போதும்.

முதல் மாதம் முழுக்கக் கோடு.
நேர்க்கோடு என்று நான் நினைத்ததெல்லாம்
எஃப்-எட்டை அழுத்தியபின் கோணிப் போயிருந்தது.
பிறகு லேயர்கள்:
சுவருக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, மின்கம்பிக்கு ஒன்று.
வேண்டாததை உறைய வைக்கலாம்.
ஜன்னலுக்கு வெளியே ஏரியும்
அதையே செய்துகொண்டிருந்தது.

"அவரவர் வீட்டை அளந்து வரைந்து வாருங்கள்" என்றார் பெல்லாங்கர்.
"அளக்காததை வரையாதீர்கள். ஊகிப்பது வேறு துறை."

என் வீடு, ஒரு வீட்டில் பாதி.
மறுபாதி வெர்னா லுண்ட்க்விஸ்டுக்கு.
இரண்டு பனிக்காலமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.
நான் வாரிய பனி அவள் வாசலில் விழுந்ததா,
அவள் வாரியது என் வாசலிலா,
ஆளுக்கொரு கணக்கு.

சமையலறை வந்தது. படிக்கட்டு வந்தது.
வளைந்த குளியலறைச் சுவர்கூட வந்தது.
நடுச்சுவருக்குள் சாய்கோடு நிரப்பப் போனேன்.
எல்லை மூடப்படவில்லை என்றது திரை.
பிளவின் முனைகளில் சின்னச் சிவப்பு வட்டங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம், சரி.
சுவருக்கு இரண்டு முகம் உண்டே.
ஒன்று என் சோபாவுக்குப் பின்னால்.
மற்றதை நான் பார்த்ததே இல்லை.

ஆறு அங்குலம் என்று போட்டால் யாருக்குத் தெரியும்?
போட்டேன்.
ஒன்பது மணிக்கு அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை,
டேப் விரலில் ஒட்டிக்கொள்ளும் குளிரில்,
என் ஜன்னல் விளிம்பிலிருந்து அவள் ஜன்னல் விளிம்புவரை
வெளிப்புறமாக அளந்தேன். ஆறடி ஓரங்குலம்.
திரைச்சீலை அசைந்தது. கதவு திறந்தது.
"உங்கள் ஜன்னலிலிருந்து சுவர்வரை எவ்வளவு இருக்கும்?"
இரண்டு வருடத்துக்குப் பிறகு
நான் அவளிடம் கேட்டது இதுதான்.
அவள் டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"பூட்ஸைக் கழற்று."

ஒரு முனையை அவள் பிடித்தாள்.
இரண்டடி ஒன்பதே முக்கால்.
"மறுபடி" என்றாள்.
வங்கியில் காசாளராக இருந்தவள்,
ஒரு தடவை எண்ணுவது அவளுக்கு எண்ணியதே ஆகாது.
மறுபடியும் இரண்டடி ஒன்பதே முக்கால்.

விடியுமுன் சுவர் வழியே எனக்கு
வானிலை சொல்லிவந்த ரேடியோ
அங்கே ஓர் அலமாரியில் இருந்தது,
ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு முள்கரண்டி செருகி.

காபி தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

என் பக்கம் இரண்டடி ஏழு. கழித்தேன்.
எட்டே கால் அங்குலம்.
அவ்வளவுதான் எங்களுக்கு நடுவில்.
எண்ணைத் தட்டியதும்
சாய்கோடுகள் சுவருக்குள் சரசரவென்று இறங்கின.

எண்பத்தெட்டு மதிப்பெண்.
எழுத்தின் உயரம் தவறு, வடக்குக்குறி இல்லை.
எந்தப் பக்கம் வடக்கு என்று
இருபது வருடம் பேருந்து ஓட்டியவளுக்குத் தெரியாதா?
மறந்துவிட்டேன்.

அவள் பக்கத்தைத் தனி லேயரில் வைத்திருக்கிறேன்:
ஒரு ஜன்னல், ஓர் அலமாரி,
ரேடியோவுக்கு ஒரு சின்னச் செவ்வகம்.
உறைய வைத்துவிட்டேன். அச்சில் வராது.

நேற்றிரவு மறுபடி பனி.
காலை நாலரைக்குப் பனிவாரியோடு
வாசலில் நின்றேன்,
எந்தப் பக்கம் கொட்டுவது என்று.